8 ஓம் என்று எழுதி 3 ஓம் கேட்கும் ஸ்பீக்கர்: பாஸுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரைத் தேர்வது எப்படி?

கேள்வி இது: தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஜோடி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆறரை அங்குல வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய கூம்புகள்). விவரத்தாளில் 8 ஓம், உணர்திறன் (குறித்த மின்னழுத்தத்துக்கு எழும் ஒலி) 87 டெசிபல் என்று இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் 110 ஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) 3.2 ஓம் வரை இறங்குகிறது. 80 ஹெர்ட்ஸில் 4.5 ஓம், அங்கே கட்டக் கோணம் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று முந்தும் அளவு) மைனஸ் 45 பாகை. ஓட்டுவது 100 வாட் ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்ளிஃபயர்). மிதமாகக் கேட்கும்போது குறையில்லை. ஒலியைக் கூட்டினால் பாஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள்) தளர்கிறது, இன்னும் கூட்டினால் கரகரக்கிறது. 125 வாட் ரிசீவருக்கு மாறுவதா, 8 ஓமில் 80 வாட்டும் 4 ஓமில் 150 வாட்டும் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்குவதா?

இரண்டில் ஒன்றுதான் என்றால் 80 வாட் ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். குறை ஆம்ப்ளிஃபயரிடம்தானா என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சோதனையைப் பின்னால் சொல்கிறேன். வாட் எண் குறைந்த கருவியை ஏன் பரிந்துரைக்கிறேன் என்பதை முதலில் பார்ப்போம்.

100 வாட்டிலிருந்து 125 வாட்டுக்குப் போனால் கிடைக்கும் கூடுதல் ஒலி 1 டெசிபல். கவனித்துக் கேட்டால் மட்டுமே தெரியும் அளவு அது. வாட் இரண்டு மடங்கானாலும் 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் கிட்டத்தட்ட 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 80, 100, 125 என்ற எண்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. அந்த வாட் எந்த ஓமில் அளக்கப்பட்டது, ஓம் குறையும்போது என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று அடிப்படையில் மின்னழுத்தத்தைத் தரும் கருவி. நீங்கள் வால்யூமைத் திருப்பும்போது முடிவு செய்வது இத்தனை வோல்ட் என்பதை மட்டும்தான். அந்த வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பதை ஸ்பீக்கர் முடிவு செய்கிறது. 8 ஓமில் 125 வாட் என்றால் 31.6 வோல்ட், உச்சத்தில் 44.7 வோல்ட். 8 ஓம் மின்தடையில் அதன் உச்ச மின்னோட்டம் 5.6 ஆம்பியர். அதே மின்னழுத்தத்தில் உங்கள் ஸ்பீக்கரின் 3.2 ஓம் பள்ளம் கேட்பது 14 ஆம்பியர். ரிசீவரின் பாதுகாப்புச் சுற்று 8 ஆம்பியரில் நிறுத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த அதிர்வெண்ணில் அதனால் தாண்ட முடியாத மின்னழுத்தம் 25.6 வோல்ட். அதை 8 ஓம் கணக்குக்கு மாற்றினால் 41 வாட். 125 வாட் என்று அச்சிட்ட கருவி, பாஸ் கிதாரும் டிரம்ஸும் உழைக்கும் இடத்தில் 41 வாட் கருவியாகச் சுருங்கிவிடுகிறது. 80 வாட் ஆம்ப்ளிஃபயரின் உச்சம் 35.8 வோல்ட். 3.2 ஓமில் அதற்கு 11.2 ஆம்பியர் வேண்டும். 4 ஓமில் 150 வாட் தொடர்ச்சியாகத் தரக்கூடிய கருவி 8.7 ஆம்பியர் உச்சத்தை இயல்பாகவே தந்துகொண்டிருக்கிறது. இசையின் கணநேர உச்சங்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் இடம் வைத்துத்தான் பொதுவாக வடிவமைப்பார்கள்.

விவரத்தாளில் உள்ள 8 ஓம் என்ற எண்ணை நம்பி வாங்கியவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை அந்த எண்ணை அச்சிட்டவர்களிடம்தான். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60268-5 தரநிலைப்படி, ஒரு ஸ்பீக்கரின் மிகக் குறைந்த இம்பீடன்ஸ் அறிவிக்கப்பட்ட எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. உங்கள் ஸ்பீக்கர் நேர்மையாகச் சொன்னால் 4 ஓம் ஸ்பீக்கர். 87 டெசிபல் என்ற உணர்திறன் எண்ணும் 2.83 வோல்ட்டில் அளந்ததாகவே இருக்கும். 8 ஓமில் 2.83 வோல்ட் 1 வாட், ஆனால் 4 ஓமில் 2 வாட். ஆகவே 1 வாட்டுக்கு உண்மையில் கிடைப்பது 84 டெசிபல்தான்.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண் அல்ல, அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும் ஒரு கோடு. காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருள் தானும் ஒரு மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. ஒத்ததிர்வில், அதாவது கூம்பு இயல்பாகவே ஆட விரும்பும் அதிர்வெண்ணில், அது தாராளமாக அசைவதால் இந்த எதிர் மின்னழுத்தம் கூடி, இம்பீடன்ஸ் 20, 30 ஓம் வரைகூட ஏறும். மூடிய பெட்டியில் ஒரு சிகரம், காற்றுத் துவாரமுள்ள பெட்டியில் இரண்டு சிகரங்களும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும். மேல் சிகரத்தைத் தாண்டியதும் கோடு செங்குத்தாகச் சரிந்து, பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் அடிமட்டத்தைத் தொடும். ஆம்ப்ளிஃபயருக்குத் தொல்லை தருவது அடிமட்டத்தைவிட அந்தச் சரிவுதான். கோடு சரியும் இடத்தில் ஸ்பீக்கர் ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும், மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்திக்கொண்டு போகும். உங்கள் வரைபடத்தில் 80 ஹெர்ட்ஸில் தெரியும் மைனஸ் 45 பாகை இதைத்தான் சொல்கிறது.

இது ஏன் அவ்வளவு கொடுமையானது என்பதை ஒரு டிரான்சிஸ்டரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கி 50 வோல்ட் என்று கொள்வோம். சுமை 4.5 ஓம் கொண்ட வெறும் மின்தடை. வெளியீடு 25 வோல்ட்டாக இருக்கும் கணத்தில் மீதி 25 வோல்ட் டிரான்சிஸ்டரின் மீது விழுகிறது, ஓடும் மின்னோட்டம் 5.6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 139 வாட் வெப்பம். மின்தடைச் சுமையில் இதுதான் மிகக் கடினமான கணம், ஏனென்றால் வெளியீடு உச்சத்துக்குப் போகும்போது மின்னோட்டம் கூடினாலும் டிரான்சிஸ்டரின் மீது விழும் மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. இப்போது அதே 4.5 ஓம், ஆனால் 45 பாகை கட்டக் கோணத்தோடு. வெளியீடு பூஜ்ய வோல்ட்டைக் கடக்கும் கணத்தில் மின்னோட்டம் பூஜ்யத்தில் இல்லை. அது ஏற்கெனவே உச்சத்தின் 70 சதவீதத்தில், அதாவது 7.9 ஆம்பியரில் இருக்கிறது. முழு 50 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் மீது. பெருக்கிப் பாருங்கள்: 393 வாட். இதே அளவு வெப்பத்தை உண்டாக்க ஒரு சாதாரண மின்தடை 1.6 ஓமாக இருக்க வேண்டும். வரைபடத்தில் 4.5 ஓம் என்று சாதுவாகத் தெரியும் அந்தப் புள்ளி, 110 ஹெர்ட்ஸின் 3.2 ஓம் பள்ளத்தைவிட ஆம்ப்ளிஃபயருக்குக் கடினமானது. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்தபட்ச ஓமை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பாதுகாப்புச் சுற்று டிரான்சிஸ்டரின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்தே கண்காணிக்கிறது. இரண்டும் ஒருசேர உயரும் இந்தக் கணத்தில் அது குறுக்கிட்டு மின்னோட்டத்தை வெட்டுகிறது. மின்னழுத்தம் தீர்ந்து அலையின் உச்சி வெட்டுப்படும் சாதாரணக் கிளிப்பிங்கைவிட இந்த வெட்டு மோசமானது. கம்பிச்சுருளிலும், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் (உயர் அதிர்வெண்ணுக்கான சிறு ஸ்பீக்கர்) பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் மின்தூண்டியிலும் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் கூர்மையான மின்னழுத்த முள் எழும். அதன் உயர் அதிர்வெண் பகுதி நேரே ட்வீட்டருக்குப் போகிறது. பாஸ் கனமாக வரும் இடங்களில் மட்டும் மேலே ஒரு கரகரப்புக் கேட்டால் இந்தச் சந்தேகம் முதலில் எழ வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி எழுந்து அடங்கும் விதத்தைக் கேட்டாலும் தெரியும். மிதமான ஒலியில் அடியும் அதன் வளைவும் தனித்தனியாக இருக்கும். ஆம்ப்ளிஃபயர் திணறும்போது அடியின் முகப்பு மழுங்கி, எல்லா அடிகளும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

இப்படிப்பட்ட ஸ்பீக்கரை ஏன் செய்கிறார்கள்? சோம்பலால் அல்ல. ஆழமான பாஸ், சிறிய பெட்டி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது ஒலிபெருக்கி வடிவமைப்பின் கண்டிப்பான விதி. கேஎல்ஹெச் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் அதை அழைக்கிறார்கள். 1954-இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் கிடைத்தது. கொடுத்த விலை உணர்திறன். அதன் பிறகு வந்த வடிவமைப்பாளர்கள் இழந்த டெசிபல்களை மீட்க ஒரு வழி கண்டார்கள்: இரண்டு வூஃபர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் இம்பீடன்ஸ் பாதியாகி, அதே மின்னழுத்தத்துக்கு ஒலி கூடுகிறது. விவரத்தாளில் டெசிபல் எண் அழகாகிறது. சுமை ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஏறுகிறது.

கடினமான ஸ்பீக்கர் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறுபட்ட சிக்கல்கள் கலந்துவிடுகின்றன. ஒரு வகைக்கு மின்னழுத்தம் வேண்டும், மறு வகைக்கு மின்னோட்டம் வேண்டும். 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வாகனங்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ முதல் வகை. அதன் உணர்திறன் 82, 83 டெசிபல்தான், ஆனால் ஆரம்பகாலப் பதிப்பின் இம்பீடன்ஸ் 15 ஓம். அதிகம் ஆம்பியர் கேட்காது, ஒரு நல்ல வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்கூட அதைச் சிரமமின்றி ஓட்டும். 1980-களின் அபோஜி சின்டில்லா இதன் நேர் எதிர்: ரிப்பன் ஸ்பீக்கர், 1 ஓம் சுமை. வாட் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆம்பியர் தர முடியாத ஆம்ப்ளிஃபயர் அதன் முன்னால் படுத்துவிடும். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில், ஆனால் மின்னோட்டப் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் வாட் எண்ணைக் கூட்டுவதால் தீராது என்கிறேன்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரை மாற்றியும் பாஸ் மாறவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்கு உண்மையான காரணம் அறைதான். இதைப் பிரித்தறிய ஒரு எளிய கேள்வி போதும்: வால்யூம் மாறும்போது குறையும் மாறுகிறதா? அறைக்கு வால்யூம் தெரியாது. சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னால் வூஃபர் இருந்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலைக்கு எதிராக வந்து அதை அடித்துவிடும். மெதுவாகக் கேட்டாலும் சத்தமாகக் கேட்டாலும் அந்தப் பள்ளம் அங்கேயேதான் இருக்கும். 4.5 மீட்டர் நீள அறை 38 ஹெர்ட்ஸில் முழங்குவதும் அப்படித்தான். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்தினால் மாறும், ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் மாறாது. இன்னொரு பக்கம், மெதுவாகக் கேட்கும்போது மட்டும் பாஸ் குறைவாகத் தோன்றினால் அது காதின் இயல்பு. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டியது இது: ஒலி குறையக் குறைய, தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. அதற்கும் புது ஆம்ப்ளிஃபயர் மருந்தல்ல. மிதமான ஒலியில் நன்றாக இருந்து, கூட்டும்போது மட்டும் பாஸ் தளர்கிறது என்றால்தான் ஆம்ப்ளிஃபயரோ வூஃபரோ தன் எல்லையைத் தொடுகிறது. நீங்கள் சொல்வது இந்த வகை.

எவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படுகிறது என்பதை அளந்துவிடலாம். பாஸ் அதிகமுள்ள, நன்றாகப் பதிவான ஒரு இசைத் துண்டைப் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச ஒலிக்கு வால்யூமை வையுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். முழு அளவிலிருந்து 12 டெசிபல் குறைத்துப் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை, குறித்து வைத்த வால்யூமில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கூட 50 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும். தானியங்கி அறைத் திருத்தத்தை இந்தச் சோதனைக்கு மட்டும் அணைத்து வையுங்கள், ரிசீவர் பாஸை சப்வூஃபருக்குத் திருப்பாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபயரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சுமையில்லாமல் ஓட்டினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடக்கூடும்.

கிடைத்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். 12 டெசிபல் என்பது நான்கு மடங்கு மின்னழுத்தம் என்பதால், பதிவின் உச்சத்தில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்பது அதில் தெரியும். மீட்டர் 4.5 வோல்ட் காட்டினால் 18 வோல்ட், உச்சத்தில் 25.5 வோல்ட். 8 ஓம் கணக்கில் 40 வாட்டுக்குச் சற்று மேல். அதையே 3.2-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். அதாவது 100 வாட் ரிசீவருக்கு மின்னழுத்தம் தாராளமாக மீதமிருக்கும்போதே மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்று பொருள். மாறாக, மீட்டர் 8 வோல்ட் காட்டினால் உங்களுக்கு 32 வோல்ட் வேண்டும். அப்போது 80 வாட் ஆம்ப்ளிஃபயரும் போதாது. 4 ஓமில் 250 வாட்டுக்குக் குறையாத தனிப் பவர் ஆம்ப்ளிஃபயரைத் தேட வேண்டும். மீட்டர் 2 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டினால் குறை ஆம்ப்ளிஃபயரிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வூஃபரையும் அறையையும் பாருங்கள். வால்யூம் குமிழ் பாதிதான் திரும்பியிருக்கிறது, இன்னும் பாதிச் சக்தி மிச்சமிருக்கிறது என்று நினைப்பதை இந்த அளவு திருத்திவிடும். குமிழின் நிலை சக்தியைக் காட்டுவதில்லை.

விவரத்தாளில் நான் முதலில் தேடுவது 8, 4, 2 ஓம் எண்களை. 80, 150, 240 என்று மூன்றும் இருந்தால் தயாரித்தவருக்குத் தன் மின்வழங்கி மீது நம்பிக்கை இருக்கிறது என்று கொள்ளலாம். 4 ஓம் எண்ணே இல்லாமலிருப்பதும், 6 ஓமுக்குக் கீழே இணைக்காதீர்கள் என்று பின்பலகையில் அச்சிட்டிருப்பதும் தெளிவான பதில்கள். 8 ஓமிலிருந்து 4 ஓமுக்கு வாட் சரியாக இரண்டு மடங்காக வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை, ஏனென்றால் 8 ஓம் எண்ணைக் குறைத்து அச்சிட்டாலே அந்த அழகு வந்துவிடும். எத்தனை சேனல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது அளந்தது என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரே சேனல், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத உருக்குலைவு என்று அளந்த எண் பாஸைப் பற்றி எதுவும் சொல்லாது. 40 ஆம்பியர் உச்சம் என்று விளம்பரம் இருந்து, எத்தனை மில்லிநொடிக்கு என்பது இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பாஸ் மட்டும் ஏன் மின்வழங்கியை இப்படிச் சோதிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் வழக்கமான மின்வழங்கியின் மின்தேக்கிகள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை நிரப்பப்படுகின்றன. பாஸ் கிதாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதன் அரைச் சுழற்சி 12 மில்லிநொடி. அந்த நேரம் முழுவதும் மின்வழங்கியின் ஒரு பக்கம் மட்டுமே சுமையைத் தாங்க வேண்டும். சிறிய டிரான்ஸ்ஃபார்மரும் சிறிய மின்தேக்கிகளும் உள்ள கருவியில் மின்வழங்கி மின்னழுத்தம் இடையிலேயே சரிந்துவிடும். மேல் ஸ்தாயி ஒலிகளில் அரைச் சுழற்சி இதில் சிறு பங்குதான் என்பதால் இந்தச் சோதனையே வருவதில்லை. ஒரே மின்வழங்கியை ஏழு, ஒன்பது சேனல்களுக்குப் பகிரும் ரிசீவர்களில் இந்தக் குறை முதலில் வெளிப்படுவது இயல்பு.

டேம்பிங் ஃபேக்டர் (8 ஓமை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்தால் வரும் எண்) பற்றிக் கேட்காமல் யாரும் இருப்பதில்லை. 500 என்று போட்டிருந்தால் பாஸ் இறுக்கமாக இருக்கும் என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை நிற்காது. உங்கள் ஸ்பீக்கரில் இரண்டு வூஃபர் சுருள்களும் சேர்ந்து சுமார் 3 ஓம் நேர்மின் தடை. கிராஸ்ஓவர் மின்தூண்டி 0.2 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.07 ஓம். டேம்பிங் ஃபேக்டர் 50 உள்ள ஆம்ப்ளிஃபயர் இதில் 0.16 ஓம் சேர்க்கிறது, 500 உள்ளது 0.016 ஓம். மொத்தம் 3.43, 3.29. வித்தியாசம் 4 சதவீதம். கூம்பை அடக்குவதில் பெரும்பங்கு சுருளின் சொந்தத் தடைக்குத்தான், அதை எந்த ஆம்ப்ளிஃபயராலும் குறைக்க முடியாது. எண் 20, 30-க்குக் கீழே போகும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அப்படிப் போவது பெரும்பாலும் வால்வ் ஆம்ப்ளிஃபயர்களில். பின்னூட்டம் குறைந்த வால்வ் கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம்கூட இருக்கலாம். மேலே சொன்ன 3.29 ஓம் 5.27 ஆகிறது. மூடிய பெட்டியில் 0.7 ஆக இருந்த ஒத்ததிர்வின் கியூ (அது எவ்வளவு அடங்காமல் முழங்கும் என்பதைக் காட்டும் எண்) 1.1-ஐ நெருங்கி, கிட்டத்தட்ட 2 டெசிபல் மேடு கட்டி, முழக்கம் நீளும். 30 ஓம் சிகரத்தில் ஒலி கூடி, 3 ஓம் பள்ளத்தில் அதைவிட 4 டெசிபல் வரை குறையும். சிலருக்கு அந்த நிறம் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வரைபடம் கொண்ட ஸ்பீக்கருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வால்வ் கருவி இருந்தால் 4 ஓம் முனையில் இணைத்துப் பாருங்கள். வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைந்து பாஸ் ஓரளவு நேராகும்.

டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர்கள் (டிரான்சிஸ்டரை வேகமாகத் திறந்து மூடி இயங்குபவை) பாஸுக்கு உதவாது என்ற பழைய பேச்சை இன்றும் கேட்கிறேன். வடிகட்டிக்குப் பின்னாலிருந்து பின்னூட்டம் எடுக்கும் இன்றைய வடிவமைப்புகளில், உதாரணமாக ஹைப்பெக்ஸ், பியூரிஃபை போன்றவற்றின் மாட்யூல்களில், வெளியீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. ஒலி சுமையைப் பொறுத்து மாறுவதுமில்லை. கட்டக் கோணச் சுமையில் இவற்றுக்கு இன்னொரு வசதி உண்டு: டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும் என்பதால், மேலே பார்த்த 393 வாட் வெப்பச் சிக்கல் அந்த வடிவில் எழுவதில்லை. மின்னோட்ட எல்லை மட்டும் உண்டு, அதை விவரத்தாளில் பார்த்துக்கொள்ளலாம். கடினமான ஸ்பீக்கருக்குச் சிக்கனமான தீர்வு என்றால் இன்று நான் முதலில் நினைப்பது இவற்றைத்தான். எடையைத் தூக்கிப் பார்த்து ஆம்ப்ளிஃபயரை மதிப்பிடும் பழக்கம் இங்கே செல்லாது.

ரிசீவரின் அமைப்பில் 4 ஓம் என்று ஒரு தேர்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது கருவி சூடாகாமலிருக்க உள் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது, கூடுதல் ஆம்பியர் எதையும் தருவதில்லை. இரண்டு சேனல்களைப் பாலமாக இணைத்துச் சக்தியைக் கூட்டும் யோசனையும் வேண்டாம். அப்போது ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் பாதியைத்தான் பார்க்கும், உங்கள் 3.2 ஓம் 1.6 ஆகிவிடும். அறைத் திருத்தம் பாஸை 6 டெசிபல் தூக்கியிருந்தால் அங்கே நான்கு மடங்கு சக்தி கேட்கப்படுகிறது. திறனில்லாத கருவியில் அதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம், முதலில் அதை 2, 3 டெசிபலுக்குள் கட்டுப்படுத்துங்கள்.

சப்வூஃபரைச் சேர்த்து, முதன்மை ஸ்பீக்கர்களிலிருந்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை விலக்குவது பல வீடுகளில் புது ஆம்ப்ளிஃபயரைவிடச் சிறந்த முதலீடு. ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் சரிவுள்ள வடிகட்டி 40 ஹெர்ட்ஸில் கேட்கப்படும் சக்தியைப் பதினாறில் ஒரு பங்காக்குகிறது. வூஃபரின் அசைவும் அதற்கேற்பக் குறையும். ஆனால் உங்கள் வரைபடத்தில் கடினமான இடம் 80 முதல் 110 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸில் பிரித்தால் அந்தச் சுமையின் பெரும்பகுதி பழைய ரிசீவரிடமே தங்கிவிடும். அதனால் உங்களுக்கு மட்டும் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். ரிசீவரில் ப்ரீ-அவுட் முனைகள் (வேறு ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னலை எடுத்துக்கொடுப்பவை) இருந்தால் அதை விற்க வேண்டாம். முன் இரண்டு சேனல்களை மட்டும் அந்த முனைகள் வழியாக 80 வாட் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள், மற்ற சேனல்களை ரிசீவரே ஓட்டட்டும். மாற்றிய பிறகு அதே இசைத் துண்டை, ஸ்பீக்கர் முனையில் அதே மின்னழுத்தம் வரும்படி வைத்து ஒப்பிட்டுக் கேளுங்கள். குமிழின் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். கரகரப்பு போய், அடிகளின் முகப்பு திரும்ப வந்துவிட்டால் வேலை முடிந்தது. துவாரத்திலிருந்து காற்று இரையும் சத்தமோ கூம்பு இடிக்கும் சத்தமோ அதே ஒலியில் தொடர்ந்தால், வூஃபர் தன் அசைவின் கடைசி எல்லைக்கு வந்துவிட்டது என்று அறிந்து, அதற்குப் பிறகு சப்வூஃபருக்குப் பணத்தை ஒதுக்குங்கள்.